பெயின்ட் அடிக்காத டிராகன்

காலை ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். பால் பாக்கெட் வாங்கிவந்து காய்ச்சுகிறேன். ஒரு டம்ளர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன். சின்ன அறையின் ஜன்னலைத் திறக்கிறேன். குளித்துவிட்டு வந்து, அது திறந்துதான் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், எந்த பஸ் முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறுகிறேன். சில நாள் சேத்தூர், சில நாள் ஸ்ரீவில்லிபுத்தூர். இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ராஜபாளையம் திரும்புகிறேன். போன வாரம் செண்பகத்தோப்பு வரை போனேன். எங்கே போகிறீர்கள் என்று வனத்துறைக்காரர் கேட்டார். திரும்பிவிட்டேன்.

உட்கார முடிவதில்லை. இதையும் சமையல் மேடையில் தாளை வைத்து, நின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.

மேடம், செவ்வாய்க்கிழமை நீங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்து, விசாரணைக்காக எடுத்துப்போன பொருள்களைத் திருப்பித் தந்தீர்கள். கோட்டாட்சியர் விசாரணை முடிந்துவிட்டது, சந்தேகம் ஏதுமில்லை என்றீர்கள். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் மனைவி இறந்தால் எல்லோரையும் அப்படித்தான் விசாரிப்போம் என்று ஆறுதலாகவும் சொன்னீர்கள். கையெழுத்துப் போட்டேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்தீர்கள்.

“தம்பி, தப்பா நெனைக்காதீங்க. எம் மவ ஏழாப்பு படிக்கா. இந்தப் பூதம், டிராகன் பொம்மையெல்லாம் ஒட்டிப் பெயின்ட் அடிக்கிறத போன்ல பாத்துட்டு என் உசுர எடுக்கா. மொதல்ல எந்தப் பெட்டி வாங்கணும்?”

எழுதித் தருகிறேன் என்றேன். மில் வேலை போக மீதி நேரத்தில் நான்கு வருடமாக வீடியோவில் இதைத்தான் சொல்லிவருகிறேன். இந்தக் கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொன்னால் எனக்குத் தூக்கம் வராது.

பெரிய பெட்டி வாங்காதீர்கள். இரண்டு படை, நாற்பது எலும்புக்கூட்டு வீரர்கள், பகடை, விதிப்புத்தகம் என்று மேலட்டை ஆசை காட்டும். ஏழாவது எலும்புக்கூட்டில் பிள்ளை நிறுத்திவிடுவாள். நாலைந்து பொம்மை உள்ள பெட்டி போதும். பசை இல்லாமல் அழுத்தினாலே பொருந்துவது நல்லது. பிரஷும் ஆறேழு குப்பி பெயின்ட்டும் உள்ளேயே இருக்கவேண்டும். பொம்மையின் முகம் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஜோடிக் கண்ணை வரைந்து முடிக்கிற அன்றுதான் இது கையைப் பிடித்துக்கொள்ளும். டிராகன் வேண்டவே வேண்டாம்.

இது என் மனைவி பிரிஸ்கில்லாவிடமிருந்து கற்றது. அவளுடைய முதல் பெட்டியாக நாற்பது எலும்புக்கூடுகளைத்தான் நான் காட்டினேன்.

“உங்க பட்டாளத்துக்கு யாரு சோறு பொங்குவா? எனக்கு இந்த அஞ்சு பேரு போதும்” என்றாள்.

வில்லும் ஈட்டியும் வைத்த ஐந்து பெண் வீரர்கள். எனக்கு டிராகன் வாங்கினேன். எண்பத்து நான்கு துண்டுகள்.

அவள் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனியில் துணியைச் சோதிக்கும் பிரிவில் இருந்தாள். நாள் முழுக்க ஊசி முனையால் பிசிறு எடுக்கிற கை அது. நடுங்காது. மூன்று மாதத்தில் ஐந்து பேருக்கும் கண் வந்துவிட்டது. ஒரு வீடியோவில் அவள் வரைவதைக் காட்டினேன். அடுத்த வீடியோவில் பார்க்கிறவர்கள் அக்கா எங்கே என்று கேட்டார்கள். அதற்கடுத்ததிலும் கேட்டார்கள். நான் அப்போது டிராகனின் சிறகு பொருந்தாமல் அதை உப்புத்தாளில் உரசிக்கொண்டிருந்தேன்.

“ஏங்க, நம்ம கல்யாண நாளுக்காவது இது பறக்குமா?” என்று தன் அம்மாவை வைத்துக்கொண்டே கேட்டாள்.

“சும்மா இருட்டி. மாப்ள நிதானமான ஆளு” என்றார் மாமியார் ஞானபாக்கியம். மூன்று பேரும் சிரித்தோம்.

இதைப் பொறாமை என்று நீங்கள் எழுதக்கூடும். அப்படி இல்லை. அவளுக்கு பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

ஜூலையில் மதுரையில் ஒரு கண்காட்சி. ஊருக்கு ஒருவருக்குத்தான் பொம்மை வைக்க மேஜை. ராஜபாளையத்துக்கு அவள் பெயர் வந்தது. வாழ்த்துச் சொன்னேன். செட்டியார்பட்டிக்கு நடந்து போய்த் திரும்பி வந்தேன். வந்து மறுபடியும் போனேன்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் இன்னொன்றும் கேட்டீர்கள். “குளிரு வந்தா எம் மவளுக்குச் செத்த மூச்சிழுப்பு வரும், தம்பி. பெயின்ட் ஒண்ணும் பண்ணாதுல்ல?” பண்ணாது என்றேன். அதுதான் அரைகுறைப் பதில். கடிதம் இவ்வளவு நீளமாவது அதனால்தான்.

தண்ணீரில் கலக்கும் பெயின்ட் ஒன்றும் செய்யாது. ஸ்ப்ரே செய்யும். மூடிய அறையில் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தால், இழுப்பு உள்ளவர்களுக்கு முதலில் பேச்சு துண்டு துண்டாக வரும். பிறகு இருமல் நிற்கும். இருமல் நின்றால் சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது.

பிரிஸ்கில்லாவுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. அதனால் ஸ்ப்ரே வேலையை நான் எப்போதும் மொட்டை மாடியில்தான் செய்வேன். கண்காட்சிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆடிக்காற்று. பொம்மைகளுக்குக் கடைசியாக வார்னிஷ் அடிக்க வேண்டும், அடித்தால்தான் பயணத்தில் பெயின்ட் உரியாது. சின்ன அறையில் அடிக்கலாம் என்றேன்.

“மாடியிலயே அடிங்களேன். எனக்கு நெஞ்ச அடைக்கும்.”

“காத்துல மில்லுப் பஞ்சு வந்து ஒட்டும். மதுரையில அம்புட்டுப் பேரும் பாப்பாங்க.”

யோசித்தாள். சரி என்றாள். துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஐந்து பொம்மைகளையும் குச்சி முனைகளில் ஒட்டி, இடக்கையில் மூன்று, வலக்கையில் இரண்டாகப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலை ஏற்கெனவே மூடியிருந்தேன். இரண்டு பூச்சு அடித்தேன். டப்பாவில் கால்வாசிகூடக் குறையவில்லை. அலமாரியிலிருந்து டிராகனை எடுத்து, டப்பா காலியாகும் வரை அதன்மேல் அடித்தேன்.

“ஏங்க, வெறும் பொம்மைக்கா வார்னிஷ் அடிக்கீங்க?” என்று சிரித்தாள். சிரிப்பு இருமலானது.

“காயிற வரைக்கும் ஆடாமப் பிடி. கதவத் தொறந்தா காத்து வரும்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன். அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமைதான் நான் மாட்டினேன்.

காய இருபது நிமிடம் என்று டப்பாவில் போட்டிருந்தது. போனில் இருபது நிமிடம் வைத்தேன். அவளுடைய இன்ஹேலர் என் கையில் இருந்தது. அதையும் ஸ்ப்ரே டப்பா போலத்தான், அடிப்பதற்கு முன் குலுக்க வேண்டும். குலுக்கிக்கொண்டே ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். அவள் கதவைத் தட்டினாள். சத்தம் மந்தமாகக் கேட்டது. கையில் பொம்மைகள் இருந்ததால் முழங்கையால் தட்டியிருக்கிறாள்.

இருபது நிமிடம் கழித்துத் திறந்தேன். தரையில் சரிந்திருந்தாள். இரண்டு கைகள் மட்டும் நாற்காலியின் மேல் இருந்தன. ஐந்து பொம்மைகளிலும் ஒரு கீறல் இல்லை, ஒரு பஞ்சு இல்லை.

அவளே கதவைச் சாத்திக்கொண்டு அடித்தாள், நான் மாடியில் இருந்தேன் என்று விசாரணையில் சொன்னேன். தாழ்ப்பாளைக் கழற்றி, திருகாணி இருந்த நான்கு ஓட்டைகளையும் பொம்மையின் இடுக்கை அடைக்கும் மாவால் அடைத்துப் பெயின்ட் அடித்தேன். கதவில் நெஞ்சு உயரத்தில் விரலால் தடவுங்கள், தெரியும். அந்த வேலை நன்றாக வந்திருக்கிறது.

அவள் மதுரை போகாமல் இருந்தால் போதும், வேறெதுவும் நினைக்கவில்லை என்று இரண்டு மாதமாக எனக்கே சொல்லிவந்தேன். செவ்வாய்க்கிழமை நீங்கள் டிராகனைக் கையில் எடுத்து, “நல்லாப் பளபளங்குதே தம்பி” என்றீர்கள். பெயின்ட் அடிக்காத பொம்மைக்கு யாரும் வார்னிஷ் அடிக்க மாட்டார்கள். அடித்தால் அப்புறம் அதன்மேல் பெயின்ட் பிடிக்காது. முதல் பெட்டி வாங்குகிறவர்களுக்கும் இது தெரியும். எனக்கு அந்த அறைக்குள் முழு டப்பாவும் வேண்டியிருந்தது. வேறு காரணம் இல்லை. நான்தான் அவளைக் கொன்றேன்.

ஆகவே, சின்னப் பெட்டி. பிரஷ் மட்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும். இன்ஹேலர் உங்கள் மகள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வீட்டில் இதே வேலையை அவளைவிடச் சுமாராகச் செய்கிறவர்கள் இருந்தால், அவர்களிடம் இன்ஹேலரைக் கொடுத்துவைக்க வேண்டாம்.

ஒரு திருத்தம் இருக்கிறது. அடக்கத்தன்று மாமியார் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “மாப்ள, எம் புள்ள கடைசியா என்ன சொன்னா?” என்று கேட்டார். அவள் சொன்னதை நான் கேட்டதாக அவருக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. “அம்மான்னு கூப்பிட்டா” என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் சர்ச்சுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் இப்போது அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது தவறு. நீங்கள் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

முழங்கைச் சத்தம் நின்றபோது நான் கதவை ஒட்டி நின்றிருந்தேன். உள்ளேயிருந்து மெதுவாக, மூச்சுக்கு ஒரு வார்த்தையாகக் கேட்டாள்.

“ஏங்க… காஞ்சிருச்சா? கீழ… வச்சிரட்டுமா?”