கொட்டகை ஸ்டாப்

அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் புறப்படும் முன், என் முன்சீட்டில் ஒரு அம்மா தன் கணவரை உட்கார வைத்துவிட்டுக் கண்டக்டரிடம் சொன்னார்.

“தம்பி, இவுகளக் கொட்டகையில எறக்கி விட்ருங்க. இவுக தங்கச்சி அங்க வந்து நிப்பா.”

“எந்தக் கொட்டகைம்மா?”

“சினிமாக் கொட்டகை. அத இடிச்சுத்தான் இப்ப பெட்ரோல் பங்க் கட்டிருக்காக. இவுகளுக்கு ஞாபகம் தப்பிப் போச்சு. பங்க்னு சொன்னா எறங்க மாட்டாக.”

பங்க் வந்ததும் கண்டக்டர், “கொட்டகையெல்லாம் எறங்கு!” என்று குரல் கொடுத்தார்.

பெரியவர் பதறி எழுந்தார். “படம் போட்டுட்டாகளா?”

“இன்னும் போடலய்யா. மெதுவா எறங்குங்க” என்று கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

கீழே நின்ற தங்கச்சி பெரியவரின் பையை வாங்கிக்கொண்டார். “வாண்ணே, ஒனக்கு எடம் பிடிச்சு வச்சிருக்கேன்.”