திரிஃபோன் நாள் கவாத்து

— நல்லா ஒட்ட வெட்டுய்யா. வெட்டி விடறதுதான் உனக்குக் கை வந்த கலையாச்சே.

— குத்தலா? திராட்சைக் கொடிக்குக் கவாத்துன்னா இப்படித்தான் ராத்கா. அடியில ரெண்டு மொட்ட விட்டுட்டு மிச்சத்தையெல்லாம் சீவித் தள்ளணும். எங்கப்பன் பழக்கின கை இது, மறக்குமா?

— பொண்டாட்டிய மறந்த கை, இத மட்டும் மறக்கலயாக்கும்.

— ஆரம்பிச்சிட்டியா! இன்னிக்குப் புனித திரிஃபோன் நாளு, கொடி வெட்டற திருநாளு. ஊரே திராட்சைக் கொடிக்கு ஒயின் ஊத்திப் பாட்டுப் பாடிக்கிட்டிருக்கு. நீ ஒருத்திதான் மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு நிக்கிற.

— ஜெர்மனிக்கு வேலைக்குப் போன இடத்துல ஒருத்தியோட சேந்துக்கிட்டியே, அவளும் தோட்டம் வெச்சிருந்தாளா?

— பால்கனியில ரெண்டு தொட்டி. போதுமா? அது முடிஞ்சுபோன கதைடி. அதான் வீட்டோட வந்துட்டேன்ல? இனிமே இந்தக் கத்தரிய நீ தொடாத. இது ஆம்பளை வேலை.

— ஆமா, நீ போனதுலேருந்து இங்க வெட்டினவளுக்கு மீசை இருந்துச்சு பாரு.

— சரி விடு. கடைசி வரிசையும் முடிஞ்சிருச்சு. அந்த ஒயின எடு, ஊத்தறேன். இந்த வருஷம் பாரு, குலை குலையாத் தொங்கும்!

— ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு மொட்டக் குறுக்கால கீறிப் பாரு.

— எதுக்கு?

— பாரேன்யா.

— உள்ள கறுத்திருக்கு.

— பக்கத்துக் கொடியில?

— இதுவும். அட, இதுவும்... ராத்கா, எல்லாம் செத்துக் கிடக்கேடி!

— ஜனவரியில கொடிக்குப் போர்வையாட்டம் பனி மூடல, வெறுங்குளிர். தரையோட படுத்து கீழ் மொட்டையெல்லாம் கருக்கிடுச்சு. நுனியிலதான் உயிர் இருந்துச்சு. இங்கயே கிடக்கறவங்க எல்லாரும் கீறிப் பாத்துட்டு, நீளமா விட்டுத்தான் வெட்டறாங்க.

— நுனியிலயா? அத நான்...

— சீவித் தள்ளிட்ட. உன் காலடியிலதான் கிடக்கு.

— அடிப்பாவி! காலையிலேருந்து வேலியில சாஞ்சு பாத்துட்டே நின்னியே! வாய்க்குப் பூட்டா போட்டிருந்த?

— தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

— ஏண்டி? நீ பாடுபட்டு வளத்த கொடி இல்லயா?

— அந்தக் கொடிதான்யா என்னைக் கட்டிப் போட்டுச்சு. அவ விஷயம் தெரிஞ்சதுலேருந்து, பறிப்பு முடியட்டும், வர்னாவுல இருக்கற நம்ம பொண்ணு வீட்டோட போயிடலாம்னு நினைப்பேன். பறிச்சா மிதிக்கணும், மிதிச்சா பீப்பாய்ல அடைக்கணும், அதுக்குள்ள மறுபடியும் கவாத்து வந்துடும். மனசு கேக்காது, இருந்துடுவேன்.

— ராத்கா, இப்ப என்ன சொல்ல வர்ற?

— மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பறேன். இந்த வருஷம்தான் பறிக்க எதுவும் இல்லயே.