இன்டர்ஃபெரான் பனியன்

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்திக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, இருமிக்கொண்டே வந்தாள். மூத்தவளின் கழுத்தில் ஆஸ்பத்திரி லேப் அட்டை தொங்கியது.

"எங்க கம்பெனியோட புதுப் பனியனைப் போட்டா ஒடம்பு தானா இன்டர்ஃபெரான் சுரக்குமாமுங்க்கா. வைரஸே அண்டாதாமா. டேக்குல அப்படித்தான் அச்சடிச்சிருக்கு."

"அட கருமமே! வைரஸ் புகுந்த செல்லு, பக்கத்து செல்லுக்கெல்லாம் உஷாருன்னு சொல்லியனுப்பற சரக்கு கண்ணு அது. அதைச் சுரக்க வெக்க மருந்து தேடறவங்களே முழி பிதுங்கி நிக்கறாங்க. உங்க மானேஜரு சாயத்தொட்டியில முக்கி எடுத்துட்டாராக்கும்?"

லேப்காரியின் குரலுக்குப் பாதி பஸ் திரும்பிப் பார்த்தது.

"செக் பண்ணி டேக்கு மாட்டற எங்க ஆறு பேருக்கும் இப்பக் காய்ச்சலுங்க்கா."

"அதுக்கு என்னங்கறான் அந்தாளு?"

"காய்ச்சல் வந்தா இன்டர்ஃபெரான் நல்லாச் சுரக்குதுன்னு அர்த்தமாமா. அதனால லீவு கெடையாதுன்னுட்டாருங்க."

"அவன் போடறானா அந்தப் பனியன?"

"டெய்லி அதுதானுங்க்கா. நேத்து லீவு லெட்டரோட போனேன். அந்தப் பனியனோடதான் உக்காந்திருந்தாரு. என்னையப் பாத்ததும் ரெண்டு மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கிட்டு, 'கிட்ட வராத, வாசல்லயே நில்லு'ன்னு கத்தறாரு."