ஜெயசித்ராவின் ஃபிரிட்ஜில் பூட்டிக் கிடக்கும் மருந்து

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சுப்பராயலு ஐயா அவர்களே, மனைவியை இழந்து மேடையில் உட்கார்ந்திருக்கும் சாமிநாதன் அண்ணன் அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பாகூர் மக்களே, பிள்ளைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கும் தாய்மார்களே! வில்லியனூரில் மருத்துவம் பார்க்கும் ஆரோக்கியசெல்வி பேசுகிறேன். டாக்டர் ஜெயசித்ராவோடு ஒன்றாகப் படித்தவள். நேற்று அவரைத் தகனம் செய்தோம். இன்று அழுவதற்குத்தான் கிளம்பி வந்தேன். இப்போது அழுகை வரவில்லை, பயம்தான் வருகிறது.

'குழந்தைகளின் காவலர்' என்று பேனரில் போட்டிருக்கிறீர்கள். பொருத்தமான பட்டம்! பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் அது மூச்சு விடுவதைப் பார்ப்பார் ஜெயசித்ரா. விலா உள்ளே இழுக்கிறதா, மூக்கு விடைக்கிறதா என்று பார்ப்பார். பண்டசோழநல்லூர் விஜயராஜ் இதோ முன்வரிசையில் இருக்கிறான். வருஷக்கணக்காகச் சளி என்று சொல்லி டானிக் குடித்தவன். "இது சளி இல்லம்மா, ஆஸ்துமா. பம்ப் இழுக்கணும்" என்றார் ஜெயசித்ரா. "ஐயோ, பம்ப் வச்சா பழக்கமாயிடுமே!" என்று அவன் அம்மா அலறினார். "சோறுகூடத்தான் பழக்கமாயிடுச்சு, வுட்டுட்டியா?" என்று கேட்டார் ஜெயசித்ரா. அந்த அம்மா பம்பை வாங்கிக்கொண்டு போனார். இன்று அவன் கபடி ஆடுகிறான்.

இன்னொரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் எனக்குத் தெரியாது, ஊரும் தெரியாது. ஜெயசித்ரா என்னிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பெண்ணுக்கு வாந்தி, வயிற்றுவலி. தொக்கம் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். தொண்டையில் சிக்கியதை ஊதி எடுப்பவரிடம் கூட்டிப் போனார்கள். அவரும் ஏதோ பூரித் துண்டை எடுத்துக் காட்டினார். மறுநாளும் வாந்தி நிற்கவில்லை. இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். அப்புறம்தான் பாகூர் கிளினிக்குக்கு வந்தார்கள்.

ஜெயசித்ரா அவள் முகத்தருகே குனிந்தார். மூச்சில் பழுத்த பழ வாசனை. "தண்ணி நெறைய குடிக்கிறியா கண்ணு?" என்று கேட்டார். "கொடம் கொடமா குடிக்கிறா டாக்டரம்மா, வெயிலுக்குன்னு நெனச்சிட்டோம்" என்றார் தாய். விரலில் குத்திப் பார்த்தால், கருவி காட்டும் அளவையெல்லாம் சர்க்கரை தாண்டியிருந்தது! தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிள்ளை பிழைத்தது.

பச்சைப் பிள்ளைக்குமா சர்க்கரை வரும் என்கிறீர்களா? வரும்! மிட்டாய் தின்று வருவதில்லை. அந்தப் பிள்ளைகளின் உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை, அவ்வளவுதான். ஊசி இருந்தால் படிப்பார்கள், ஓடுவார்கள், பிள்ளை பெறுவார்கள். ஊசி இல்லையென்றால் பிழைக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தத் தாய் என்ன சொன்னார்? "ஊசி போடுற பொண்ணுன்னு தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டிப்பா? மருந்து என் வூட்ல இருக்கக் கூடாது." ஜெயசித்ரா சண்டை போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. "சரி, என் கிளினிக் ஃபிரிட்ஜில இருக்கட்டும். காலையும் சாயந்தரமும் டியூஷன்னு சொல்லி அனுப்பு" என்றார். பின்வாசல் வழியாக வந்து ஊசி போட்டுக்கொண்டு போனாள் அந்தப் பெண். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ இன்னா பண்ணுவாளோ, பயமா இருக்குடி" என்று ஒருமுறை போனில் சொன்னார். "போடி, நூறு வயசு இருப்ப" என்று சிரித்தேன்.

முந்தாநாள் அவர் மாரடைப்பில் போனார். துக்கத்துக்காகக் கிளினிக் ஷட்டரை இழுத்துப் பூட்டினோம், மாலை போட்டோம். உள்ளே அந்தப் பெண்ணின் உயிர் இருக்கிறதே, நம்மில் யாருக்காவது தோன்றியதா? இன்று வரும் வழியில் அந்த ஷட்டரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நேரே சாமிநாதன் அண்ணனிடம் ஓடினேன்.

இந்நேரம் அவள் எங்கே இருக்கிறாள்? தாய் வேறு கடையில் மருந்து வாங்கியிருந்தால் அவர் காலில் விழுவேன். கடைக்காரருக்குத் தெரிந்துவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டால்? வாந்தி கண்டு மறுபடியும் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போயிருந்தால்? யாருக்குப் பயந்து ஒளித்தார்கள் அந்த மருந்தை? நமக்குத்தானே! "அந்த வூட்ல இன்னா சீக்கு?" என்று கேட்கிற நம் வாய்க்குத்தானே!

சாமிநாதன் அண்ணன் சாவி கொடுத்தார். போய்ப் பார்த்துவிட்டேன், மருந்து கெடவில்லை. இனி காலையும் மாலையும் நான் அங்கே இருப்பேன். ஜெயசித்ரா பார்த்த பிள்ளைகளை நான் பார்ப்பேன். வில்லியனூர்க்காரர்கள் திட்டினால் திட்டட்டும். பெயர் கேட்க மாட்டேன், ஊர் கேட்க மாட்டேன். இந்தக் கூட்டத்தில் இருந்தால் என் பின்னாலேயே வா கண்ணு. நடக்க முடியவில்லை என்றால் ஆள் அனுப்பு, நானே மருந்தோடு வருகிறேன்.

தலைவர் இப்போது மௌன அஞ்சலி செலுத்தச் சொல்வார். எல்லோரும் எழுந்து, தலை குனிந்து, கண்களை மூடிக்கொள்ளுங்கள். நான் இறங்கிக் கிளினிக்குக்குப் போகிறேன். என் பின்னால் காலடிச் சத்தம் கேட்டால், தயவுசெய்து யாரும் கண்ணைத் திறக்காதீர்கள்.