அம்மாள் படமும் ஜெனரேட்டரும்

சிட்னியின் டூங்கபியில் ரயிலேறி என் முன்னால் உட்கார்ந்த பெண் கணவரிடம் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, அம்மாள் படத்தைக் கழட்டினாத்தான் எங்கட மோட்டார்ஹோமுக்குள்ள கரண்ட் வரும்."

"விசர்க்கதை கதையாதை. ஜெனரேட்டர் பழசு."

"ஜெனரேட்டர் நல்லா ஓடுது. உள்ளுக்குக் கரண்டைக் குடுத்தாத்தான் பிரேக்கர் விழுது. நீங்கள் படத்துக்கு ஆணி அடிச்ச நாளிலயிருந்துதான். ஆணி வயருக்குள்ள போயிட்டுது."

"நல்ல நேரம் பாத்து மாட்டின சாமிப் படமப்பா."

"திங்கக்கிழமை தூரத்துத் தோட்டத்தில வேலை தொடங்குது. அங்க சமையலும் படுக்கையும் அந்த வண்டிக்குள்ளதான். எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு ஆணியைப் பிடுங்குங்கோ. வயரை எலக்ட்ரீசியன் மாத்தட்டும்."

"அப்ப அம்மாள்?"

"போற வழியெல்லாம் என்ர மடியில இருக்கட்டும்."

மெரிலேண்ட்ஸில் இறங்க எழும்பும்போது அவர் கேட்டார்: "குறடு எங்க கிடக்குது?"