தங்கல்

கடற்கரைச் சொல் ஒன்றுக்கு எட்டு ரூபாய் கொடுத்தேன். மீனவர் வீட்டுப் பெண் சகாயசெல்வி பத்து கேட்டாள், எட்டில் முடித்தேன். அப்பா கோட்டாறு கம்போளத்தில் வற்றல் மிளகாய்க் கடை வைத்திருந்தவர். சொன்ன விலைக்கு எதையாவது வாங்கிவிட்டால் அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அவள் பாட்டன் பூட்டன்மார் கடலில் கிடந்து கண்ட பெயர்கள், நானூறு சொற்கள், அவள் கையெழுத்தில் ஒரு கட்டுத் தாளாக வந்து சேர்ந்தன.

2013-ல் நாகர்கோவிலில் எனக்கு ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் இருந்தது. மீனவர்களுக்கு ஒரு கைபேசிச் செயலி செய்தோம். ஆளுக்கேற்பத் திரை தானாக மாறும். கடலுக்குப் போகிறவனுக்குக் காற்று, அலை, புயல் எச்சரிக்கை முன்னால் வரும். கரையில் இருப்பவனுக்கு மீன் விலையும் ஏலமும் வரும். மற்றவை உள்ளே ஒதுங்கிக்கொள்ளும். யாருக்கு எது என்று தீர்மானிக்க ஆன்டாலஜி என்று ஒன்று வேண்டும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பலசரக்குக் கடையில் எந்தச் சரக்கு எந்தத் தட்டில் என்று பிரித்து வைப்போமே, அதைச் சொற்களுக்குச் செய்வது. இயந்திரம் சொல்லைப் பார்க்காது. தட்டைத்தான் பார்க்கும்.

'தங்கல்' என்ற சொல்லை நான் 'கரையில் இருத்தல்' தட்டில் வைத்தேன். டவுன்காரனுக்குத் தங்கல் என்றால் ஓரிடத்தில் தங்குவது. சகாயசெல்வி பக்கத்திலேயே விளக்கம் எழுதியிருந்தாள். சொல்லுக்குத்தான் விலை பேசியிருந்தோம், விளக்கத்துக்கு இல்லை. ஆகவே நான் படிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவள் தம்பி ததேயுஸ் அலுவலகத்துக்கு வந்தான். விசைப்படகில் வேலை செய்கிறவன். கைபேசியை என் மேசையில் வைத்தான்.

"அண்ணாச்சி, இதுல மீனு வெல மட்டுந்தான் காட்டுகு. காத்தும் கடலும் காட்ட மாட்டேங்கு."

"இன்னைக்கு என்ன தொழில்னு கேக்கும்லா, அதுல எதைத் தொட்டே?"

"தங்கல்."

"பொறவு? வீட்ல இருக்கியவனுக்குக் காத்து எதுக்குல?"

 சிரித்தான். "கொள்ளாம். அப்ப எனக்க பெண்டாட்டிகிட்ட நீங்களே சொல்லுங்க, பத்து நாளும் நான் வீட்லதான் கெடந்தேன்னு. தங்கல்னா ஆழக்கடல்ல பத்து நாளு கெடந்து மீன் பிடிக்கது, அண்ணாச்சி."

நானும் சிரித்தேன். மாற்றிவிடுகிறேன் என்றேன். வாசல்வரை போனவன் திரும்பி நின்றான். "அக்காட்ட சொல்லாண்டாம், கேட்டீங்களா. அவ எழுதுனதுல்லா, வெசனப்படுவா."

மாற்றவில்லை. சொல்லைத் தட்டு மாற்றி வைக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் செயலிக்குப் பணம் தந்தவர்களின் வல்லுநர் குழு எங்கள் வகைப்பாட்டைச் சோதித்து ஒப்புதல் கொடுத்திருந்தது. கை வைத்தால் மறுபடி சோதிப்பார்கள். அடுத்த கட்டமாக வரவிருந்த முழுக் கடற்கரைக்குமான ஒப்பந்தம் தள்ளிப்போகும். மூட்டையில் ஓட்டை என்று எந்த வியாபாரியும் தானாகச் சொல்வதில்லை.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டுக்கு ததேயுஸின் படகு ஏழு பேரோடு கிளம்பியது. ஒன்றரைக்குப் புயல் எச்சரிக்கை வந்தது. அப்போதும் அவர்கள் சிக்னல் எட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள். என் கணினியில் தெரிந்தது: ஏழு கைபேசிகள், ஏழிலும் தங்கல், ஏழிலும் மீன் விலை. 'எல்லோருக்கும் காட்டு' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் எச்சரிக்கை எந்தத் திரையிலும் முன்னால் வந்து நிற்கும். வகைப்பாடு தவறியது என்றும் கூடவே பதிவாகும். மறுநாள் காலை குழு வருவதாக இருந்தது. பத்துப் புயலில் ஒன்பது திசைமாறிப் போய்விடும். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டே முக்காலுக்குள் ஏழும் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து மறைந்தன. பிறகு சாப்பிடப் போனேன். அன்று வீட்டில் புளிக்கறி.

அந்தப் புயல் திசைமாறவில்லை. விசாரணை வந்தது. சகாயசெல்வியின் தாள்களைத் தட்டச்சு செய்து வைத்திருந்தோம். அதில் தங்கலுக்கு எதிரே 'கடலுக்குப் போகாமல் இருப்பது' என்று மாற்றினேன். கையெழுத்துக் கட்டை வீட்டுப் பின்புறம் எரித்துவிட்டு, கரையான் தின்றுவிட்டது என்றேன். வந்தவர்கள் அடியில் அவள் பெயரைப் பார்த்தார்கள். பாவம், தெரியாமல் எழுதிவிட்டாள் என்று கோப்பை மூடினார்கள்.

தம்பியின் முப்பதாம் நாள் பூசை முடிந்து அவள் வந்தாள்.

"கடல்ல கெடக்கதுன்னு எழுதுனதாட்டுதான் எனக்கு ஓர்ம, அண்ணாச்சி. தங்கல் தெரியாதவளா நான்? எனக்க அப்பனே தங்கலுக்குப் போனவருதான்."

தாளை அவள் முன்னால் வைத்தேன். விரல் வைத்து இரண்டு முறை படித்தாள்.

"அப்ப நான்தானா?"

"நானூறு வார்த்தை எழுதுனா ஒண்ணுல பிழை வரத்தான் செய்யும். மனசுல வைக்காத மக்கா."

"அவன் உங்ககிட்ட வந்து ஒண்ணும் சொல்லலியா?"

"ஒண்ணும் சொல்லல."

அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று அவன்தான் கேட்டுக்கொண்டிருந்தான். நான் வாக்குத் தவறுகிறவன் இல்லை.

அடுத்த மாதமே அவளை அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டேன். புதிய சொற்களைச் சரிபார்க்கும் வேலை. ஒவ்வொன்றையும் நான்கு முறை படிக்கிறாள். படித்துவிட்டு, இது இதுதானே அண்ணாச்சி என்று என்னிடம் கொண்டுவந்து கேட்கிறாள். அவள் பிறந்து வளர்ந்த கரையின் சொற்களை, என்னிடம். ஐந்து வருடத்தில் ஒரு பிழை இல்லை.

கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். கடலுக்குப் போனவர்கள் ஏழு, திரும்பி வந்தவர்கள் நான்கு. மீதி மூன்று சகாயசெல்வி பேரில் கடனாக நிற்கிறது. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட நான் அதை அவளிடம் கேட்டதில்லை.