ஜோடிச் சொற்களும் ஒரு சம்பந்தியம்மாவும்

நான் பேசினால் நிறுத்தமாட்டேன் என்று தெரிந்தும் ஒலிவாங்கியை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் அமர்ந்திருக்கும் அன்புத் தலைவர் அவர்களே! முன்வரிசையை முழுமையாக்கும் மூத்தோர்களே! வேலை முடித்த களைப்போடு வகுப்புக்கு வந்து, என்னை வேலை வாங்கும் தாய்மார்களே! கடைசி வரிசைக் கலகலப்பே! அனைவருக்கும் என் வணக்கம்.

நம் மாலைநேர ஆங்கில வகுப்புக்கு ஒரே ஒரு சட்டம். ஜோடி சேராத சொல்லுக்கு இங்கே இடமில்லை! மழை என்ன செய்யும்? ஆம், பெய்யும். காற்று? வீசும். மாற்றிச் சொன்னால் காது பொறுக்குமா? ஆங்கிலத்துக்கும் அப்படி ஒரு காது உண்டு. நாம் மருந்து சாப்பிடுகிறோம். அவர்களோ 'டேக் மெடிசின்' என்கிறார்கள். நம் ஓட்டுநர் அண்ணன் மட்டும் இன்னும் 'ஈட் மெடிசின்'தான். சிரிக்காதீர்கள், அவர் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது! தமிழ் ஜோடியை ஆங்கிலத்தில் அப்படியே குடியேற்றாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்.

இதோ அமர்ந்திருக்கிறாரே, நம் தையல்காரம்மா. இவர் மருமகளுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலம்தான். இருவரும் பேச நடுவில் மகன் வேண்டும். முந்தாநாள் மகன் வேலைக்குப் போயிருந்தபோது, மருமகளின் பிறந்த வீட்டிலிருந்து ஓர் அழைப்பு. சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே வராமல் அழுதாள் அந்தப் பெண்.

தையல் இயந்திரத்தில் தான் ஒட்டியிருந்த சொற்சீட்டுகளைப் பார்த்தார் இவர். 'ஹெவி ரெயின்' இருந்தது. 'ஹெவி டிராஃபிக்' இருந்தது. அழுகிறவளிடம் போக்குவரத்து நெரிசலையா விசாரிப்பது? எழுந்தார். குழாயை மூடினார். தமிழில் மனசு கனக்கும் அல்லவா? என் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆங்கிலத்திலும் அந்த ஜோடி உண்டென்று தெரியாமலே, அதையே ஆங்கிலத்தில் கேட்டார்: "யுவர் ஹார்ட்... ஹெவி?"

அவ்வளவுதான். தோளில் சாய்ந்துவிட்டாள் மருமகள்.

"என்னம்மா சொன்னா?" என்று நேற்று வகுப்பில் இவரைக் கேட்டேன்.

"அவ அம்மாவுக்கு ஆபரேஷனாம், டீச்சர். பாதிக்கு மேல புரியல. ஆனா என் பையன நடுவுல கூப்பிடவே இல்ல!"

என்ன பெருமை அந்த முகத்தில்! இத்தனை ஆண்டுகள் கற்பித்ததற்கு எனக்கு வேறென்ன வேண்டும்? சொல்லோடு சொல் சேர்வது எதற்காக? மனிதரோடு மனிதர் சேர்வதற்காக அல்லவா!

சற்றுமுன் நான் மேடையேறும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு ஆபரேஷன். இன்னிக்கு சம்பந்தியம்மாகிட்ட நானே போன்ல பேசணும். தைரியமா சொல்ல ரெண்டு வார்த்தை குடுங்க, டீச்சர்."

நான் மட்டும் கொடுத்தால் போதுமா? அரங்கமே கொடுக்கட்டும்! எங்கே, எல்லோரும் என்னோடு: "கெட் வெல் சூன்!" இன்னும் உரக்க! அம்மா, நீங்கள் அழாமல் சொல்லுங்கள்.

தலைவர் அவர்களே, பேச்சை முடித்துக்கொள்கிறேன். தையல்காரம்மா தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டார். அமைதி காக்கப்போகும் உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்!